பாலைத்திணையின் ஓதி: ஓணானா, பச்சோந்தியா? – கரிசல் நிலத்து உயிரியலை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சங்க அகப்பாடல்களில் பாலை நிலத்து உயிராக வரும் 'ஓதி' என்பதற்கு ஓணான் என்றும் பச்சோந்தி என்றும் இருவகைப் பொருள்கள் வழங்கிவருகின்றன. உருவாலும் வாழ்முறையாலும் இவ்விரண்டும் வேறு வேறு உயிர்கள். பொருள் மாறும்போது பாட்டின் காட்சியும் மாறுகிறது. நற்றிணை 92, 186, குறுந்தொகை 140 ஆகிய மூன்று பாடல்களின் ஓதிக் காட்சிகளை, அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம் போன்ற வறண்ட சமவெளிகளில் வாழும் இவ்வுயிர்களின் இயல்புகளோடு இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஓதி என்பது ஓரினத்தின் பெயரன்று. ஓர் உயிர்க்குழுவின் பொதுப்பெயர். எந்தப் பாட்டில் எந்த உயிர் என்பதை அந்தந்தப் பாட்டின் அடைமொழிகளைக் கொண்டே துணிய வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஓதி, ஓந்தி, ஓணான், பச்சோந்தி, பாலைத்திணை, கருப்பொருள், கரிசல் நிலம், பாலவனத்தம்.

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் பாலவனத்தம் என்னும் பெயர் பாண்டித்துரைத் தேவரோடு (1867–1911) இணைந்தே அறியப்படுகிறது. பாலவனத்தம் ஜமீன்தாரான அவர் 1901ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் இதழான 'செந்தமிழ்' 1902 முதல் வெளிவரலாயிற்று. ஏடுகளைத் தேடித் தொகுத்தல், பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கல், அருஞ்சொற்களுக்குப் பொருள் காணல் ஆகிய பணிகளுக்கு அச்சங்கமும் அவ்விதழும் களமாயின. இன்றைய சங்க இலக்கிய ஆய்வு அந்தத் தலைமுறையின் உழைப்பின்மேல் நிற்கிறது.

அந்த ஜமீனின் ஊர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையை அடுத்த வறண்ட நிலத்தில் உள்ளது. கோடையில் வெடிப்பு விடும் கரிசல் மண், மழையை நம்பிய கண்மாய்கள், ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாறு, முள்வேலிகள் என்பன இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். பாலவனத்தம் என்னும் பெயரைக் கேட்பவர்க்குப் பாலைவனம் என்னும் சொல் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் ஒலியொப்புமை சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதால் இக்கட்டுரை அவ்வழிச் செல்லவில்லை. இங்குப் பயன்கொள்வது நிலத்தின் இயல்பை மட்டுமே. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை தருகிறது. அவ்வகைத் திரிபை ஆண்டுதோறும் கண்ணால் காணத்தக்க வட்டாரங்களுள் இதுவும் ஒன்று.

ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களின் கவனம் வியக்கத்தக்கது. ஏட்டில் உள்ள உயிரை வேலியில் உள்ள உயிரோடு ஒப்புநோக்கும் பணி அதே அளவில் நடைபெறவில்லை. சங்க நூல்களின் செடிகொடி, விலங்கு, புள் ஆகியவற்றைத் தனித்தனி நூல்களில் ஆராய்ந்த பி. எல். சாமி இதற்கு வழிகாட்டியவர். அவ்வழியில், ஒரு சிறிய ஊர்வனவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

1. பட்டியலில் இல்லாத உயிர்

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலிய பகுப்புகளைத் தருகிறது. உயிர்களுக்கு உரியவை மா, புள் என்னும் இரு பகுப்புகளே. பின்வந்த நம்பியகப்பொருள் திணைதோறும் பெயர்களை நிரல்படுத்துகிறது. பாலைக்குரியனவாக அது கூறுவன செந்நாய், பருந்து, எருவை போன்றவை. ஊர்வனவற்றுக்கு அந்நிரலில் தனியிடம் இல்லை.

இலக்கண நூல் வகைமாதிரியையே தரும். முழுத்தொகையைத் தர அது கடமைப்பட்டதன்று. ஆகவே இதனை இலக்கணத்தின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. வகைமாதிரியை முழுத்தொகையாகக் கொண்ட பிற்கால ஆய்வுப் பழக்கமே திறனாய்வுக்குரியது. பாலைத்திணைக் கருப்பொருள் பற்றிய ஆய்வேடுகள் பலவும் இந்நிரலைத் தலைப்புகளாக வைத்துக்கொண்டு பாடல்களில் சான்று தேடுகின்றன. நிரலில் உள்ளது பாட்டில் கிடைக்கிறது. நிரலில் இல்லாதது பாட்டில் இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. ஓதி அவ்வாறு கண்ணில் படாத உயிர்களுள் ஒன்று.

மரபியலிலும் இத்தகைய இடைவெளி உண்டு. 'போத்து' என்னும் ஆண்பாற்பெயர் பெற்றம், எருமை, புலி, மரை, புல்வாய் ஆகியவற்றுக்கும், நீர்வாழ்வனவற்றுள் சிலவற்றுக்கும், மயிலுக்கும் எழாலுக்கும் உரியதாக மரபியல் நூற்பாக்கள் கூறுகின்றன. அப்பெயர்ப்பட்டியலில் ஓதி இல்லை. ஆயினும் நற்றிணை 186, குறுந்தொகை 140 ஆகிய இரு பாடல்களும் ஓதியின் ஆணை 'முதுபோத்து' என்றே குறிக்கின்றன. ஒரு சிற்றுயிரை, புலிக்கும் எருமைக்கும் வழங்கும் ஆண்பாற்பெயரால் இரு வேறு பாடல்கள் சுட்டுவது தற்செயலாகத் தோன்றவில்லை. அவ்வுயிரில் ஆணையும் பெண்ணையும் புலவர்கள் வேறுபடுத்திக் கண்டிருக்கிறார்கள் என்பதும், முதிர்ந்த ஆணுக்கெனத் தனித் தோற்றம் ஒன்று இருந்தது என்பதும் இதனால் பெறப்படும். அத்தோற்றம் எது என்பதே அடுத்த கேள்வி.

2. சொல்லும் அதன் கிளைகளும்

ஓதி, ஓந்தி, ஓணான் ஆகியவை ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. கன்னடத்தில் ஓதி, ஓதிக்யாத என்னும் வடிவங்களும் மலையாளத்தில் ஓந்து என்னும் வடிவமும் வழங்குகின்றன. மலையாளத்து ஓந்து இன்றும் ஓணான் வகைகளுக்கும் பச்சோந்திக்கும் பொதுவாக ஆளப்படுகிறது. தெலுங்கிலோ தொண்ட என்பது ஓணானுக்கும் ஊசரவெல்லி என்பது பச்சோந்திக்கும் தனித்தனிப் பெயர்கள்.

தமிழில் பச்சோந்தி என்னும் சொல்லின் அமைப்பே ஒரு செய்தியைத் தருகிறது. பச்சை + ஓந்தி என்னும் அத்தொடரில் ஓந்தி பொதுப்பெயர். பச்சை சிறப்பு அடை. அடை சேர்த்துப் பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது என்றால், அடையில்லாத ஓந்தி முதலில் நினைவூட்டியது அதனினும் பரவலாகக் காணப்பட்ட மற்றோர் உயிரையே ஆதல் வேண்டும். செந்நாய், கருங்குரங்கு முதலிய பெயர்களும் இவ்வாறே அமைந்தவை. பச்சோந்திக்குக் கோம்பி என்னும் தனிப்பெயரும் உண்டு. மயிலோடு சேர்த்துத் திருக்கோவையார் அச்சொல்லை ஆள்கிறது; அதற்குப் பச்சோந்தி எனப் பொருள் கொள்வது உரைமரபு.

இச்சொல்வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, சங்க காலத்து ஓதியை இன்றைய பச்சோந்தி என்று எல்லா இடத்தும் பெயர்ப்பது பொருந்தாது. மற்றொன்று, எல்லா இடத்தும் ஓணான் என்று பெயர்ப்பதும் பாதுகாப்பானதன்று. ஏனெனில் பொதுப்பெயர் சிறப்பினத்தையும் உள்ளடக்கும். இருபதாம் நூற்றாண்டு உரைகளும் அண்மைக்கால மொழிபெயர்ப்புகளும் இவ்விரு பொருள்களுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தேர்ந்ததற்குக் காரணம் கூறாமல் நகர்ந்துவிடுகின்றன. காரணம் கூறவேண்டுமெனில் உயிர்களின் இயல்பை அறிதல் வேண்டும்.

3. வறண்ட நிலத்தில் வாழும் ஓந்திகள்

தென்தமிழக வறண்ட சமவெளியில் எளிதாகக் காணப்படும் ஓணான், விலங்கியலில் கலோட்டஸ் வெர்சிகலர் எனப்படும். 1802இல் தொதான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குப் பெயரிட்டார். வெர்சிகலர் என்பது நிறம் மாறுவது என்று பொருள்படும் இலத்தீன் சொல். இயல்பான நிறம் பழுப்பு அல்லது வைக்கோல் நிறம். இனப்பெருக்கக் காலத்தில் முதிர்ந்த ஆணின் தலையும் தொண்டையும் தோளும் செந்நிறம் கொள்ளும். தொண்டையருகே கரும்புள்ளி தோன்றும். இக்காலம் வேனிலில் தொடங்கி மழைக்காலம் வரை நீளும். அப்போது ஆண் உயரமான இடத்தைப் பற்றிக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைக்கும். மற்றோர் ஆண் எதிர்ப்பட்டால் துரத்தும். தோற்றாலும் அச்சுற்றாலும் செந்நிறம் விரைவில் மங்கிவிடும். கழுத்திலிருந்து முதுகு நெடுக முள் போன்ற செதில் வரிசை உண்டு. ஆணில் அது எடுப்பாக இருக்கும். கண்ணுக்குப் பின்னே செவிப்பறை வெளிப்படையாகத் தெரியும். ஆள் நெருங்கினால் மரத்தின் மறுபுறம் ஒதுங்கி விரைந்து மேலேறும்.

பச்சோந்தி என்பது கேமேலியோ சைலானிகஸ். 1768இல் லாரென்ட்டி பெயரிட்ட இவ்வினமே இந்தியாவில் வாழும் ஒரே பச்சோந்தி இனம். தீபகற்ப இந்தியாவின் வறண்ட காடுகள், முட்புதர்கள், தோப்புகள், இலங்கையின் உலர்வலயம் ஆகியவை இதன் வாழிடம். உடல் இருபுறமும் அழுந்தித் தட்டையாக, ஓர் இலையைப் பக்கவாட்டில் நிறுத்தியதுபோல் இருக்கும். கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து இணைந்து குறடுபோல் கிளையைப் பற்றும். வால் கிளையைச் சுற்றிக்கொள்ளும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். நாக்கு உடலின் நீளத்தையும் விஞ்சி நீண்டு பூச்சியைப் பற்றும். பச்சை உடலில் கரும்பட்டைகளும் புள்ளிகளும் தோன்றி மறையும். வெயில் மிகும்போது உடல் வெளிறும். முன்னும் பின்னும் அசைந்தசைந்து, அடிமேல் அடிவைத்து நடப்பது இதன் நடை. புறச்செவித் துளையோ செவிப்பறையோ இதற்கு இல்லை. தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் ஓரளவு உணரும். முட்டையிடும் காலத்தில் பெண் மரத்தை விட்டுத் தரைக்கு வந்து மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடும்.

மேலும் இரண்டு இனங்களை இங்கே விலக்கிக்கொள்ளலாம். பச்சை ஓணான் எனப்படும் கலோட்டஸ் கலோட்டஸ் ஒளிரும் பச்சை நிறமுடையது. ஆயினும் அது பெரிதும் மேற்குத் தொடர்ச்சி மலை சார்ந்த காடுகளுக்கும் மரச்செறிவுள்ள இடங்களுக்கும் உரியது. ஆகவே பச்சை நிறம் ஒன்றையே கொண்டு ஓர் உயிரைப் பச்சோந்தி எனத் துணிய இயலாது. விசிறித்தொண்டை ஓணான் திறந்த வறண்ட நிலத்தில் வாழ்வதாயினும் தரையில் ஓடித்திரிவது. நெடிய மரமேறும் காட்சிக்கு அது பொருந்தாது.

4. மூன்று பாடல்களின் சான்று

4.1 நற்றிணை 186

நீரற்ற கடத்தில் ஆண்யானை தன் கையால் நீரை முகந்துகொண்டு பிடியை நோக்கி ஓடுகிறது. அதே கடத்தில் வேனிற்காலத்து ஓதியின் நிறம் மாறிய முதிய ஆண், பாணர் யாழை இசைக்க, அயலே உள்ள நெடிய யா மரத்தில் ஏறுகிறது. பிறர்க்கு உதவும் அருள் நெஞ்சத்தோடு பொருள் தேடிச் சென்ற காதலர் போன வழி அது எனப் பாட்டு முடிகிறது.

இப்பாட்டில் நிறமாற்றம் குறிக்கப்படுவதால் இதனைப் பச்சோந்தி எனக் கொள்ளும் போக்கு வலுவானது. அடைமொழிகளைச் சேர்த்து நோக்கினால் முடிவு மாறுகிறது. வேனில் என்பது பருவம், நிறம் பெயர்தல் நிகழ்வு, முதுமை வயது, போத்து பால். பச்சோந்தியின் நிறமாற்றம் ஆண், பெண், இளமை, முதுமை என்னும் வரையறைகளோ பருவ வரையறையோ இன்றி எந்நாளும் நிகழ்வது. முதிர்ந்த ஆணுக்கு, வேனிலில், கண்ணைப் பறிக்கும் வகையில் நிகழ்வது ஓணானின் நிறமாற்றம். நான்கு அடைமொழிகளும் ஒருங்கே பொருந்துவது ஓணானுக்கே.

இசை பற்றிய குறிப்பும் இதற்கு அரண் செய்கிறது. செவிப்பறை இல்லாத பச்சோந்தி யாழொலிக்கு எதிர்வினை புரிவது அரிது; செவிப்பறை வெளிப்படத் தெரியும் ஓணானுக்கு அது இயலும். ஓதி இசையில் மயங்கியது என்று பொருள் விரிக்க வேண்டியதில்லை. வழிப்போக்கரான பாணரின் வருகையும் ஒலியும் சேர்ந்து அதனை இடம்பெயரச் செய்தன என்றாலே போதும். ஆளரவம் கேட்ட ஓணான் மரமேறுவது எவரும் காணக்கூடிய காட்சி.

இவ்வாறு கொண்டால் பாட்டின் கட்டமைப்பு தெளிவாகிறது. பிடிக்கு நீர் கொண்டோடும் களிறும், இணைசேரும் பருவத்தின் நிறம் பூண்ட ஓதியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கடும் வறட்சியிலும் இவ்விரு ஆண்களும் துணையை நோக்கிய வாழ்வில் இருக்கின்றன. தலைவன் மட்டும் துணையைப் பிரிந்து அவ்வழியே செல்கிறான். ஓதியைப் பச்சோந்தியாக்கி, நிறமாற்றத்தை வெறும் விந்தையாகக் கொண்டால் இந்த இணைவு கைநழுவிப்போகிறது.

4.2 நற்றிணை 92

தோழியை விளித்து, பிரிந்தவர் நம்மை நினையாரோ என்று கேட்கும் பாட்டு இது. வேனிற்கால ஓதி தன் துணையோடு, தளர்ந்த நடையுடன், வரிகளையுடைய மரலின் சுருண்ட இளமடல்போல் வாடி மலைச்சரிவில் இருக்கிறது. வேட்டுவர் சிற்றூரில் ஆநிரைக்கென இறைத்து வைத்த தொட்டி நீரைப் பிடியும் கன்றும் பருகுமாறு, இடையூற்றை விலக்கிக் காத்து நிற்கிறது களிறு. அத்தகைய சுரத்தைக் கடந்தவர் தலைவர்.

இங்கு நிறமாற்றம் பேசப்படவில்லை. பேசப்படுபவை நடையும் மரல் உவமையும். மரல் என்பது இன்று மருள் என்றும் மருள்கற்றாழை என்றும் வழங்கும் நார்ச்செடி. பசிய மடலில் குறுக்கே கரும்பட்டைகள் கொண்டது. வறண்ட புதர்க்காடுகளில் கூட்டமாக வளர்வது. அதன் விரியாத இளமடல் சுருண்டு குழல்போல் நிற்கும். பழுப்பு நிறமும் உருண்ட உடலும் உடைய ஓணானுக்கு இவ்வுவமை ஒட்டவில்லை. பட்டைகள் படர்ந்த பச்சை உடலும் வெயிலில் வெளிறும் தன்மையும் உடைய பச்சோந்திக்கு ஒட்டுகிறது. தளர்நடை என்னும் குறிப்பும் அதனையே சுட்டுகிறது. வெம்மையால் ஓணானும் தளரும் என்று எதிர்வாதம் கூறலாம். ஆனால் விரைந்தோடுவதை இயல்பாக உடைய ஓருயிருக்கு நடையையே அடைமொழியாக்கும் தேவை புலவர்க்கு எழாது. வெம்மை மிக்க வேளையில் ஓணான் நிழலில் ஒதுங்கி அசையாதிருக்கும். நடையால் அறியப்படும் ஓந்தி பச்சோந்தியே.

இரு பாடல்களும் ஓதியையும் களிற்றையும் இணைத்தே காட்சி அமைக்கின்றன என்பதும் கருதத்தக்கது. இரண்டிலும் களிறு துணைக்கு நீர் தருகிறது. இரண்டிலும் ஓதி வேனிலில் தோன்றுகிறது. 92இல் துணை வெளிப்படையாகக் கூறப்படுகிறது. 186இல் நிறத்தால் குறிப்பாக உணர்த்தப்படுகிறது. பாலைப் பாடல்களில் யானைக் காட்சியை இறைச்சிப்பொருள் நோக்கில் விளக்கும் ஆய்வுகள் மிகப் பல. அதன் அருகே நிற்கும் சிற்றுயிரையும் அதே நோக்கில் படிக்க இவ்விரு பாடல்களும் இடம் தருகின்றன.

4.3 குறுந்தொகை 140

அள்ளூர் நன்முல்லையார் பாடிய இப்பாட்டில், வேதினம் எனப்படும் கருக்கரிவாள் போன்ற முதுகையுடைய ஓதியின் முதிய ஆண், வழிச்செல்வோர் நிமித்தம் கொள்ளுமாறு இருக்கிறது. காதலர் அச்சுரத்தைக் கடந்து சென்றார். இங்கே நான் வருந்தும் துயரத்தை இவ்வூர் எவ்வாறு அறிந்தது என்கிறாள் தலைவி.

கருக்கரிவாளின் வாய்ப்புறம் பல் பல்லாக இருக்கும். முதுகின் செதில் வரிசைக்கு அது உவமை. பச்சோந்தியின் முதுகிலும் சிறு பல்வரிசை உண்டு. எனவே உவமை தனித்து நின்று முடிவு தராது. நிமித்தம் என்னும் செய்தி உதவுகிறது. பல்லியின் நிமித்தம் ஒலியால் அமைவது. ஓணானும் பச்சோந்தியும் அவ்வாறு ஒலிப்பவை அல்ல. ஆகவே இங்கு நிமித்தம் காட்சியால் அமைந்ததாதல் வேண்டும். வழியோரத்தில் உயர்ந்த இடத்தில் வெளிப்பட இருந்து, வருவோரை நோக்கித் தலையசைக்கும் உயிர் ஓணான். இலைகளுக்கிடையே அசைவின்றி மறைந்திருப்பது பச்சோந்தியின் இயல்பு. தலையசைவைக் கண்டு ஆம் என்றோ அன்று என்றோ வழிப்போக்கர் பொருள் கொண்டிருத்தல் கூடும். இஃது ஊகமே எனினும் பாட்டின் சொற்களுக்கு இயைந்த ஊகம். முதுபோத்து என்னும் சொல் நற்றிணை 186இல் போலவே இங்கும் வருவது ஓணான் என்னும் பொருளுக்கு மேலும் வலுவூட்டுகிறது.

இக்காட்சிக்கும் பாட்டின் முடிவுக்கும் உள்ள தொடர்பும் நுட்பமானது. சுரத்தில் ஒரு வாயில்லா உயிர் வழிப்போக்கர்க்குச் செய்தி சொல்லக் காத்திருக்கிறது. ஊரிலோ, சொல்லாத துயரத்தை அறிந்துகொண்டு ஆரவாரிக்கும் மக்கள் இருக்கிறார்கள். குறியை அறிதல் என்பதே பாட்டின் இரு பகுதிகளையும் இணைக்கிறது.

5. நிறமாற்றமும் வஞ்சகமும்

இன்றைய தமிழில் பச்சோந்தி என்பது கொள்கை மாறுபவரைப் பழிக்கும் சொல். மேடைப்பேச்சும் செய்தித்தாளும் அச்சொல்லை அப்பொருளிலேயே நிலைநிறுத்தியுள்ளன. நிறம் மாறுதல் என்றால் சூழலுக்கேற்ப ஒளிந்துகொள்ளுதல், ஆகவே ஏமாற்றுதல் என்னும் கருத்து இதன் அடியில் உள்ளது.

உயிரியல் ஆய்வுகள் வேறு விளக்கம் தருகின்றன. 2008இல் ஆப்பிரிக்கக் குறும்பச்சோந்திகள் பற்றி ஸ்டூவர்ட் ஃபாக்ஸ், முசாலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நிறமாற்றத்திறன் மிகுந்து வளர்ந்ததற்கு ஒளிதலைக் காட்டிலும் தம்முள் செய்தி பரிமாறும் தேவையே காரணம் எனக் காட்டியது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச் குழுவினர், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலணுக்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் ஒளி வேறு நிறமாகத் திரும்புகிறது என்று நிறுவினர். பகைவரை எச்சரித்தல், இணையை அழைத்தல், உடல்வெப்பத்தைச் சீர்செய்தல் ஆகியவை நிறமாற்றத்தின் பயன்கள். மறைவதற்கு அன்றி, தன்னைத் தெரிவித்துக்கொள்வதற்கே பெரும்பாலும் அது நிறம் மாறுகிறது.

சங்கப்பாடல்களை இன்றைய வசைப்பொருளோடு படிக்கும் வாசிப்பு அவ்வப்போது தலைகாட்டுகிறது. நிறம் மாறும் ஓதியைச் சொல் மாறிய தலைவனுக்குக் குறியீடாகக் கொள்வது அத்தகையது. நற்றிணை 186 தலைவனை அருள் நெஞ்சம் உடையவன் என்றே கூறுகிறது. பொய்ம்மை பற்றிய குறிப்பு அங்கில்லை. ஓதியின் நிறத்தில் புலவர் கண்டது பருவத்தை. பிற்காலத்தின் பழிச்சொல்லை முற்காலப் பாட்டின்மேல் ஏற்றுவது கால முரண். பாட்டின் சொல்லும் உயிரின் இயல்பும் ஒருசேர அதனை மறுக்கின்றன.

6. வேலியும் அதன் சாட்சியும்

வேலிக்கு ஓணான் சாட்சி என்பது பழமொழி. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பதும் வழக்கு. இரண்டிலும் ஓணானின் இடம் வேலியே. அந்த வேலி இன்று பெரிதும் மாறிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தின் தரிசுகளையும் கண்மாய்க் கரைகளையும் பெருமளவு நிறைத்துள்ளது. உடைமரமும் நாட்டுக்கருவேலும் பிற புதர்களும் நின்ற இடங்களை அது கைப்பற்றியது. கரிமூட்டத்துக்காக அது வெட்டப்படுகிறது, மீண்டும் தழைக்கிறது. ஓந்தி இனங்கள் அம்மரத்திலும் வாழக்கூடியவையே. எனினும் வெட்டும் எரியும் சாலைப்போக்குவரத்தும் மெதுவாக நகரும் பச்சோந்திக்கு ஓணானைக் காட்டிலும் மிகுதியான இடர்தரும். நஞ்சுடையது என்னும் தவறான அச்சத்தால் அது அடித்துக் கொல்லப்படுவதும் உண்டு. பச்சோந்திக்கு நஞ்சு இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது.

தமிழாய்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஓதி பற்றிய மேற்கண்ட முடிவுகள் அனைத்தும், அவ்வுயிர்களை நிலத்தில் கண்டு சரிபார்க்க இயலும் என்பதாலேயே வலுப்பெறுகின்றன. கரிசல் வட்டாரத்து வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணியைக் கி. ராஜநாராயணன் தொடங்கிவைத்தார். ஊர்வனவற்றின் பெயர்கள், அவற்றின் ஆண், பெண், குஞ்சு ஆகியவற்றுக்கான தனிச்சொற்கள், நிமித்த நம்பிக்கைகள் ஆகியவற்றை ஆடு மேய்ப்போரிடமும் கரிமூட்டம் போடுவோரிடமும் இன்னும் கேட்டுத் தொகுக்கலாம். பறப்பவற்றின் இளமைப்பெயர்களாகிய பார்ப்பு, பிள்ளை ஆகியவை தவழ்வனவற்றுக்கும் உரியன என்று மரபியல் கூறுகிறது. அவ்வழக்கு இன்று எவ்வடிவில் எஞ்சியுள்ளது என்பதே ஒரு தனி ஆய்வுக்குரிய பொருள். அருப்புக்கோட்டை, விருதுநகர்ப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. உயிர் மறைந்தபின் சொல்லுக்குப் பொருள் தேடினால், உரைகளை உரைகளோடு ஒப்பிடுவதன்றி வேறு வழி இராது.

முடிவுரை

1. கருப்பொருள் நிரலில் இடம்பெறாத ஓதி, பாலைப்பாடல்களில் பருவம், பால், வயது, நடை, உறுப்பமைப்பு ஆகியவற்றோடு நுணுக்கமாகப் பதிவாகியுள்ளது. நிரலை முழுத்தொகையாகக் கொள்ளும் ஆய்வுமுறை இத்தகைய பதிவுகளைத் தவறவிடுகிறது.

2. ஓதி என்பது ஓந்திக் குழுவின் பொதுப்பெயர். பச்சோந்தி என்னும் சொல்லின் அமைப்பு இதனைக் காட்டுகிறது.

3. நற்றிணை 186இன் ஓதி இனப்பெருக்கக் கால நிறம் கொண்ட ஆண் ஓணான். நற்றிணை 92இன் ஓதி, மரல் உவமையாலும் நடையாலும் பச்சோந்தி எனத்தகும். குறுந்தொகை 140இன் ஓதி பெரும்பாலும் ஓணானே. ஆயினும் அங்குள்ள சான்று மற்ற இரண்டினும் மென்மையானது.

4. நற்றிணையின் இவ்விரு பாடல்களிலும் ஓதியும் களிறும் துணையோடு கூடிய வாழ்வுக்கு இணைச்சான்றுகளாக நின்று, தலைவனின் பிரிவை உணர்த்துகின்றன.

5. நிறமாற்றத்தை வஞ்சகமாகக் காண்பது பிற்கால வழக்கு. சங்கப் பாலைப்பாடல்களுக்கு அதனைப் பொருத்துவது ஏற்புடையதன்று.

இனிவரும் உரைகளும் மொழிபெயர்ப்புகளும் ஓதி என்னும் சொல்லுக்கு ஒரே பொருளை எங்கும் வழங்காமல், பாட்டுக்குப் பாட்டு அடைமொழிகளை நோக்கிப் பொருள் வரைதல் நலம். அடைமொழிகள் பொருள் துணியப் போதாத இடத்தில் ஓந்தி என்னும் பொதுப்பெயரையே ஆள்வது நேர்மையான வழி. பாலவனத்தத்து ஜமீன்தார் தொடங்கிவைத்த ஒப்புநோக்கும் பணி, அவ்வூரின் வேலிகள்வரை நீளும்போது சங்கப்பாடல்களின் பொருள் மேலும் துலங்கும்.